சேது நாணயங்கள்: பொறிப்புக் குறையும் பிற்காலச் சிதைவும்

யாழ்ப்பாண இராச்சியத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குச் சமகாலச் சான்றுகள் மிகச் சிலவே கிடைக்கின்றன. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் காலத்தது. இராச்சியம் 1619 இல் போர்த்துக்கேயர் வசமாகி ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பின்னரே அது எழுந்தது. சாசனங்களோ அரியன. இந்நிலையில் ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேது நாணயங்கள் தனிச் சிறப்புப் பெறுகின்றன. அவை அவ்வரசர் காலத்திலேயே தோன்றிக் குடிமக்களின் கைகளில் வழங்கியவை. ஆயினும் நாணயம் கூறும் சான்றை ஏற்குமுன், அதிற் காணப்படும் குறைகள் எந்நிலையில் நேர்ந்தவை என்பதைத் தெளிதல் வேண்டும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இச்செப்புக் காசுகளின் ஒரு புறத்தில் நிற்கும் மனித உருவமும், மறுபுறத்தில் படுத்திருக்கும் இடபமும், அதன் மேற் பிறையும், கீழே தமிழெழுத்தில் ‘சேது’ என்னும் சொல்லும் அமைந்துள்ளன. நிற்கும் உருவம் இலங்கையில் வழங்கிய சோழர் காசுகளையும், அவற்றைப் பின்பற்றிய சிங்கள மன்னர் காசுகளையும் தழுவியது. இவற்றை எச். டபிள்யூ. கொட்றிங்ரன் 1924 இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூலில் ஆராய்ந்துள்ளார். சுவாமி ஞானப்பிரகாசரும் இவை யாழ்ப்பாண அரசர்க்கு உரியன என வாதிட்டார்.

நாணயம் ஒன்று மூன்று நிலைகளிற் குறைபடலாம். முதலாவது அச்சு நிலை: கம்மியன் அச்சை வெட்டும்போது தவறியிருக்கலாம்; அல்லது அச்சு பிளந்தோ அழுக்கடைந்தோ போயிருக்கலாம். இரண்டாவது அடிப்பு நிலை: கீழச்சின் மேல் வில்லையை வைத்து, மேலச்சைச் சம்மட்டியால் அடிக்கும்போது வில்லை விலகலாம், இருமுறை அடிபடலாம். மூன்றாவது, அக்கசாலையை விட்டு நீங்கிய பின் தேய்வு, கீறல், வெட்டு, துளை, மண்ணரிப்பு ஆகியவற்றால் ஏற்படும் சிதைவு. முதலாவது அக்கசாலையின் வரலாறு. இரண்டாவது ஓர் அடியின் வரலாறு. மூன்றாவது காசு கைமாறிக் கிடந்த வரலாறு. மூன்றையும் ஒன்றாகக் கொள்வோர் பிழையான முடிபுகளுக்கே வருவர்.

இவற்றை வேறுபடுத்தும் வழிகள் சில உள. அச்சிலே குழிந்தது காசிலே புடைத்து நிற்கும். எனவே அச்சிற் பிளவு தோன்றின் காசில் அது மேலெழுந்த கோடாகவே காணப்படும். காசைப் பின்னர் யாரேனும் கீறினால் கோடு தாழ்ந்து, அதன் இரு கரைகளிலும் உலோகம் ஒதுங்கி நிற்கும். மேலும், அச்சுக் குறை ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட காசுகளில் மீண்டும் மீண்டும் வரும். சிதைவு அவ்வாறு வருவதில்லை. ஓரத்திற் குறைபட்ட காசிலும் இவ்வேறுபாடு புலனாகும். வில்லை முன்பே குறைந்திருந்தால் உருவம் அக்குறையை அண்மித்து மங்கிச் செல்லும். பின்னர் வெட்டப்பட்டிருந்தால் வெட்டு உருவத்தை ஊடறுத்துச் செல்லும்.

ஒரு புறத்து உருவம் மறுபுறத்திற் குழிந்தும் இடவலம் மாறியும் தோன்றுவதுண்டு. முன்னர் அடித்த காசு அச்சில் ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை அதன்மேல் அடிபடுவதால் இது நேரும். அத்தகைய காசின் எதிர்ப்புறம் தெளிவாகவே இருக்கும். இரு காசுகளைப் பிற்காலத்தில் ஒன்றோடொன்று வைத்து நசுக்கினும் இதனையொத்த தோற்றம் உண்டாகலாம். ஆனால் அப்போது முன்பிருந்த உருவம் நசிந்து தட்டையாகும்.

இனி, பிறை காணப்படாத சேது நாணயம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதனைப் புதிய வகையெனக் கூறிவிடலாமா? இடபத்தின் மேல் வில்லையில் இடமே இல்லையெனிற் பிறை வில்லைக்கு வெளியே விழுந்ததென்பதே பொருள். இடமிருந்தும் பிறை இல்லையெனின் இடபத்தின் திமிலை நோக்குதல் வேண்டும். உருவத்தில் மிக உயர்ந்த பகுதியே முதலில் தேயும். திமில் மழுங்கியிருப்பின் பிறையும் தேய்ந்திருக்கலாம். திமில் கூர்மையாக இருக்கப் பிறை மட்டும் இல்லையாயின் தேய்வு காரணமன்று. அச்சில் அழுக்கு அடைத்திருக்க வேண்டும், அல்லது அச்சிலே பிறை வெட்டப்படாதிருக்க வேண்டும். அதே அச்சில் அடித்த வேறு காசுகள் கிடைத்தாலன்றி இவ்விரண்டுள் ஒன்றைத் துணிதல் இயலாது.

எழுத்தைப் பொறுத்தவரை இவ்வினா மேலும் முக்கியமானது. இக்காசுகளை இராமநாதபுரத்துச் சேதுபதிகளோடு இணைத்து நோக்கும் கருத்தும் இருந்ததுண்டு. சேதுபதிகளின் காசுகளில் ‘சேதுபதி’ என்ற பெயர் காணப்படுகிறது. ஆகவே ஓரம் வில்லைக்கு வெளியே விழுந்த ஒரு காசில் ‘சேது’ என்று மட்டும் காணப்படின், அது முழுச்சொல்லா, சொல்லின் முற்பகுதியா என்பதை அக்காசே கூறாது. நன்கு அடிபட்ட காசுகளில் இடபத்தின் கீழ் ‘சேது’ என்பதே முழுமையாக நிற்கின்றமை இவ்வையத்தை நீக்குகிறது. ஆரியச்சக்கரவர்த்தியின் வெற்றியைக் கூறும் கொட்டகமச் சாசனமும் ‘சேது’ என்னும் சொல்லோடு தொடங்குகின்றமை இதற்கு அரண் செய்கிறது. ஓர் அரச மரபின் நாணய உரிமையே இங்கு ஓரெழுத்தின் நிறைவில் தங்கியிருப்பதை அறிகிறோம்.

எழுத்திற் குறைபோலத் தோன்றுவதெல்லாம் குறையாகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அக்கால எழுத்து வழக்கில் எகர ஏகாரங்கள் வடிவால் வேறுபடவில்லை; இன்று நாம் எழுதும் இரட்டைச் சுழிக் கொம்பு பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவரோடு தொடர்புபட்டது. எனவே ஒற்றைக் கொம்போடு நிற்கும் எழுத்தைக் கம்மியனின் பிழையென்றோ நெடிற்குறி தேய்ந்ததென்றோ கொள்ளலாகாது. அவ்வாறே வில்லையின் நடுவில் உருவம் அமையாமையையும் மதிப்பிடல் வேண்டும். இயந்திரம் அடிக்கும் இக்காலக் காசில் அது அரிய பிழை. கையால் அடித்த காசில் அது அன்றாட நிகழ்வு.

சிதைவையும் பயனற்றதெனத் தள்ளலாகாது. 1917 முதல் போல் ஈ. பீரிஸ் எழுதிய கட்டுரைகளால் அறியப்பட்ட கந்தரோடைத் தொல்பொருள்களுள் முத்திரை குத்திய பழங்காசுகளும் உள்ளன. அவ்வகைக் காசுகளிற் சிலவற்றில், வெளியிட்டோர் குத்திய முத்திரைகளன்றி, கைமாறும்போது வெள்ளியின் தரத்தைச் சோதித்தோர் இட்ட சிறு குறிகளும் உள. அவை ஒருவகையிற் சிதைவே; ஆயினும் வணிக வரலாற்றுக்கு அவை சாட்சிகளாகின்றன.

இவ்வேறுபாடுகளை அறியக் காசின் மேற்பரப்பு கெடாதிருத்தல் வேண்டும். செப்புக் காசின் பச்சைப் படலம் கீறலின் உட்புறத்திலும் பரந்திருப்பின் கீறல் பழையது. கீறல் அப்படலத்தைப் பிளந்து செம்பைக் காட்டினால் அது அண்மைக்காலத்தது. வீட்டுப் பாத்திரத்தைப் போலப் புளியும் சாம்பலும் இட்டுக் காசைத் துலக்குவோர் இச்சான்றை அடியோடு அழித்துவிடுகின்றனர். தோட்டத்திலும் கிணற்றடியிலும் காசு கண்டெடுப்போர் அதனைத் துலக்காது, எடுத்த இடத்தைக் குறித்து வைத்தலே ஆராய்ச்சிக்குச் செய்யும் பேருதவியாகும். காசுகளை வெளியிடுவோர் நிறை, விட்டம், கண்டெடுத்த இடம், இருபுறப் படங்கள் ஆகியவற்றைத் தருதல் வேண்டும். ஒரேயொரு காசின் குறையை ஆதாரமாகக் கொண்டு புதிய வகையொன்றையோ புதிய அரசனொருவனையோ நிறுவுதல் தகாது. அச்சால் ஒன்றுபட்ட காசுகள் பலவற்றை ஒப்பிட்ட பின்னரே யாழ்ப்பாண அரசரின் நாணயங்கள் வரலாற்றுக்கு உறுதியான மூலமாக அமையும்.