இரண்டு பிள்ளைகளின் தனிப்பந்தி

1910-களில் கோயமுத்தூரிலிருந்து மெட்ராஸுக்குப் படிக்கப் போன பையனுக்குக் கல்லூரியில் இடம் பிடிப்பது பாதி வேலைதான். சோற்றுக்கு வழி பார்ப்பது மீதி வேலை. கையில் காசு இருந்தாலும் கூப்பிட்டு இலை போட ஆள் வேண்டுமே! பிராமணர் நடத்திய சாப்பாட்டுக் கடைகளில் பலவற்றில் மற்றவர்களுக்கு எடுப்புச் சாப்பாடுதான். உள்ளே உட்கார விடமாட்டார்கள். விடுதிகளில் சமையல் வேறு, பந்தி வேறு என்பது அன்றைய வழக்கம். தாழ்த்தப்பட்ட வீட்டுப் பையன் என்றால் கதை வாசலிலேயே முடிந்தது. பட்டணத்தில் தங்க இடமில்லாமல் ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஆனால் திருவல்லிக்கேணியில் ஒரு டாக்டர் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் சி. நடேச முதலியார் என்ற அந்த மருத்துவர், பிராமணரல்லாத மாணவர்களுக்கென்று ஒரு விடுதியைத் தொடங்கினார். ‘திராவிடர் இல்லம்’ என்று பெயர். அங்கே தங்கிப் படித்தவர்களில் ஒருவர் கோயமுத்தூர் வணிகக் குடும்பத்துப் பிள்ளை, ஆர்.கே. சண்முகம். அந்தப் பெயர் பின்னால் வரும். இல்லம் நெடுநாள் நீடிக்கவில்லை. இருந்த வரைக்கும் பசியைத் தீர்த்தது. ஆனாலும் பிறர் பந்தியில் இடமில்லாதவர்களுக்குத் தனியாக ஒரு பந்தி என்பதுதான் அது தந்த தீர்வு. எல்லோரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துச் சோறு போட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அப்படியே கிடந்தது. அதைக் கிளறிவிட்டவர், சமையலுக்கும் பந்திக்கும் துளியும் சம்பந்தமில்லாத ஒரு மனிதர்.

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர், சுருக்கமாக வ.வே.சு. ஐயர், 1907-ல் லண்டனுக்கு பாரிஸ்டர் படிக்கப் போனார். போன இடத்தில் சாவர்க்கரோடு சேர்ந்து புரட்சிக்காரரானார். 1910-ல் பிரிட்டிஷ் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, மாறுவேடத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பாரதியும் அரவிந்தரும் அங்கே இருந்த காலம். பத்தாண்டு கழித்துத்தான் தமிழ்நாட்டு மண்ணை மிதிக்க முடிந்தது. ‘தேசபக்தன்’ பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1921-ல் அதில் வந்த எழுத்துக்காக ஒன்பது மாதச் சிறை, பெல்லாரியில். சிறையில் உட்கார்ந்து கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதிவிட்டார். வெளியே வந்தவர் கையில் துப்பாக்கியை எடுப்பார் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். அவர் எடுத்தது பள்ளிக்கூடம்.

திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணிக் கரையிலிருக்கும் சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலம் அது. 1922-ல் தொடங்கியது. பிள்ளைகள் அங்கேயே தங்க வேண்டும். பாடம் தமிழில். கைத்தொழிலும் உடற்பயிற்சியும் உண்டு. வெள்ளைக்காரன் பள்ளிக்கு மாற்றாகத் தேசியக் கல்வி என்றதும் பணம் வந்தது. வெளிநாட்டுத் தமிழர் கொடுத்தார்கள், செட்டிநாட்டிலிருந்தும் வந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதல் தவணையாக 5,000 கொடுத்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரு கூரையின் கீழ் என்ற பெருமையோடு குருகுலம் நடந்துகொண்டிருந்தது, சாப்பாட்டு மணி அடிக்கும் வரை.

இரண்டு பிள்ளைகள் மட்டும் தனியே சாப்பிட்டார்கள். பிராமணப் பிள்ளைகள். தனியாகச் சாப்பிட வைப்பதாக இருந்தால்தான் சேர்ப்போம் என்று பெற்றோர் கேட்டார்கள், ஐயர் வாக்குக் கொடுத்துவிட்டார். இது அவர் தரப்பு. அவர் சாதி ஆசாரம் பார்க்கிற ஆள் அல்ல என்பதை எதிர்த்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். அப்படிப்பட்டவர் அந்த இரண்டு பெற்றோரிடம் “அப்படியானால் வேறு பள்ளிக்கூடம் பாருங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை சொல்லப்படாததன் விலை அடுத்த மூன்றாண்டில் தெரிந்தது.

சேதி வெளியே வந்தது ஒரு பையன் வழியாக. குருகுலத்தில் படித்த அந்தப் பையன், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன். பந்தி வேறு, குடிக்கும் தண்ணீர் வேறு, சாப்பாடே வேறு என்று பிள்ளை சொன்னதைக் கேட்டுத் தந்தை கொதித்தார் என்பது பெரியார் தரப்பு திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி. ரெட்டியார் வள்ளலார் பக்தர். சாதி பார்க்காமல் எல்லோருக்கும் சோறு போடும் தருமசாலையை வடலூரில் 1867-லேயே திறந்து அடுப்பு மூட்டியவர் வள்ளலார். அவரை வணங்குகிறவர் வீட்டுப் பையனுக்கு, தேசியப் பள்ளியில், காங்கிரஸ் பணத்தில், இரண்டாம் பந்தி! விஷயம் ஈரோட்டுக்குப் போனது.

அப்போது பெரியார் ஈ.வெ. ராமசாமி காங்கிரஸ்காரர்; மாநிலக் கமிட்டியின் பொறுப்பில் இருந்தவர். ராசிபுரத்துக்காரரான டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு ‘தமிழ்நாடு’ பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் கொங்கு மண்ணின் ஆட்கள். ஒருவர் மேடையில் பேசினார், இன்னொருவர் பத்திரிகையில் எழுதினார். பாக்கி 5,000 ரூபாய் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. பொதுப் பணம் வாங்கும் இடத்தில் பந்தி பிரிக்கலாமா என்று ஒரு பக்கம். இரண்டு சிறுவர்களின் சாப்பாட்டுக்கா இத்தனை ரகளை என்று மறு பக்கம். பத்திரிகைகள் இரண்டாகப் பிரிந்தன. கட்சியும் பிரியத் தொடங்கியது. கடைசியில் பஞ்சாயத்து காந்தியிடம் போனது.

1925 மார்ச்சில் வைக்கம் பயணத்தையொட்டித் தெற்கே வந்திருந்த காந்தி ஒரு சமரசம் சொன்னார். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான், அந்த இரண்டு பிள்ளைகள் தனியே சாப்பிட்டுப் போகட்டும். இனி சேருகிறவர்களுக்கு அப்படி வாக்குத் தரக்கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு அதற்குள் இரண்டு பிள்ளைகளைத் தாண்டிப் போய்விட்டது. ஏப்ரல் மாதம் காங்கிரஸ் கமிட்டியில், தேசிய இயக்கத்தில் இருக்கும் எந்த அமைப்பிலும் பிறப்பால் உயர்வு தாழ்வு பார்க்கக்கூடாது என்று எஸ். ராமநாதன் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து ராஜினாமா செய்தார்கள். சண்டை எந்தப் பக்கம் சாயும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பாபநாசத்திலிருந்து ஒரு செய்தி வந்தது.

ஜூன் தொடக்கத்தில் குருகுலப் பிள்ளைகளோடு ஐயர் பாபநாசம் அருவிக்குப் போயிருந்தார். கல்யாண தீர்த்தத்தில் அவருடைய மகள் சுபத்திரா தண்ணீரில் விழுந்தாள். ஐயர் பின்னாலேயே பாய்ந்தார். இரண்டு பேரும் திரும்பவில்லை. லண்டன் போலீஸிடமும் கடலிடமும் தப்பியவரை ஓர் அருவி கொண்டுபோனது, வயது 44. குருகுலத்தைப் பிறகு வேறு சிலர் ஏற்று நடத்திப் பார்த்தார்கள். அதற்குப் பழைய உயிர் வரவில்லை. அதே ஆண்டு நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் தராததால் பெரியார் காங்கிரஸை விட்டே வெளியேறினார். ஒரு விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் கிளம்பிய புகை, மாநில அரசியலின் பாதையையே மாற்றிவிட்டது. ஆனால் ஒரே பந்தி மட்டும் இன்னும் பிறக்கவில்லை.

அது பிறந்த இடங்களில் ஒன்று கோயமுத்தூர். சேரன்மாதேவி சண்டையின்போது மெட்ராஸில் சட்டம் படித்துக்கொண்டிருந்த வயதுதான் தி.சு. அவினாசிலிங்கம் என்ற திருப்பூர் இளைஞருக்கு. வசதியான வீட்டுப் பிள்ளை; வக்கீல் தொழில் காத்திருந்தது. அவருக்கோ காந்தியும் ராமகிருஷ்ணரும் ஒருசேரப் பிடித்துக்கொண்டார்கள். 1930-ல், 27 வயதில், கோயமுத்தூரில் ராமகிருஷ்ண வித்யாலயத்தை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில பிள்ளைகளோடு தொடங்கினார். இதுவும் குருகுலம்தான், தங்கிப் படிப்பதுதான். தாழ்த்தப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகளும் மற்றவர்களும் ஒன்றாக இருந்தார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள். சேரன்மாதேவியில் உடைந்த இடம் எதுவென்று தெரிந்தபின் கட்டிய கட்டடம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் தொடங்கியவரே அடிக்கடி சிறைக்குப் போய்க்கொண்டிருந்தார். விடுதலைப் போராட்டத்தில் நான்கு முறை. வித்யாலயம் நிற்குமா என்பதே கேள்வியாக இருந்த காலத்தில், ஹரிஜன யாத்திரையாகக் காந்தி கோவைப் பக்கம் வந்தார்.

1934-ல், மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தில், வித்யாலயத்தின் புதிய இடத்துக்கு அவர் அடிக்கல் நாட்டினார். ஒன்பது ஆண்டுக்கு முன் தனிப்பந்திக்குச் சமரசம் சொன்ன அதே கை, ஒரே பந்திக்குக் கல் வைத்தது. வித்யாலயம் நின்றது, வளர்ந்தது. ஈரோட்டுப் பக்கத்துக்காரரான பெரியசாமித் தூரன் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். ஒரு விடுதி வாத்தியார் பின்னாளில் பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியரானது தனிக் கதை. அதைவிடப் பெரிய வேடிக்கை 1947-ல் நடந்தது.

அந்த ஆண்டு சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ஆனவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். சேரன்மாதேவியிலிருந்து மகன் சொன்ன சேதி கேட்டுக் கொதித்த அதே தந்தை. அவருடைய அமைச்சரவையில் கல்வி அமைச்சர் யார்? அவினாசிலிங்கம். அதே 1947-ல் டெல்லியில் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்த நிதியமைச்சர், திருவல்லிக்கேணி திராவிடர் இல்லத்தில் சாப்பிட்டுப் படித்த கோயமுத்தூர் சண்முகம் செட்டியார். விடுதியில் இடம் தேடியவர், விடுதியில் அவமானப்பட்ட பிள்ளையின் தந்தை, விடுதி கட்டியவர் என்று மூன்று பேரும் ஒரே ஆண்டில் அதிகாரத்தில்! நாவலில் எழுதினால் ஆசிரியர் இழுத்துக் கட்டியிருக்கிறார் என்பார்கள். ஓமந்தூரார் ஆட்சியில்தான் 1947-ன் ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தது. பந்திக்கான சட்டம் வர இன்னும் எட்டு ஆண்டுகள் ஆயின.

1955 ஜூன் 1-ஆம் தேதி தீண்டாமைக் குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கோயில், குளம், கடை, ஓட்டல் என்று நீண்ட பட்டியலில், கல்வி நிலையத்தோடு சேர்த்து விடுதியையும் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. தீண்டாமையைக் காரணம் காட்டி விடுதியில் இடம் மறுத்தால் அது குற்றம். வ.வே.சு. ஐயர் அருவியில் மறைந்து அப்போது ஏறக்குறைய சரியாக முப்பது ஆண்டுகள்.

அதற்கு முன்னும் பின்னுமாகக் கோயமுத்தூரில் கல்லூரிகள் வரிசையாக எழுந்தன. 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1957-ல் அவினாசிலிங்கமே பெண்களுக்காகத் தொடங்கிய மனையியல் கல்லூரி, 1971-ல் வேளாண் பல்கலைக்கழகம், 1982-ல் பாரதியார் பல்கலைக்கழகம். பெட்டியும் படுக்கையுமாக வந்த பிள்ளைகள் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டவுன் பஸ் மாறி, விடுதிகளில் போய் அடைந்தார்கள். இடம் கிடைக்காதவர்களுக்குக் காந்திபுரத்துச் சந்துகளில் தனியார் ஹாஸ்டல்களும் மெஸ்களும் முளைத்தன. இன்று எந்த மெஸ்ஸுக்குள் நுழைந்தாலும் காட்சி ஒன்றுதான். பள்ளம் பள்ளமாகப் பிரித்த எவர்சில்வர் தட்டு, ஒரே வரிசை, ஒரே குண்டாவிலிருந்து சாம்பார். கல்லூரி விடுதிகள் பலவற்றில் ‘டிவைடிங்’ முறை: மாதம் ஆன மொத்தச் செலவைத் தலைக்கு வகுத்துப் போடுவார்கள், இரண்டு இட்லிக்காரரும் பத்து இட்லிக்காரரும் ஒரே பில் கட்டுவார்கள். அந்தச் சாம்பாரை நல்லதென்று சொன்ன மாணவர் இதுவரை பிறக்கவில்லை. ஆனால் முன்னால் நிற்பவர் யார், பின்னால் நிற்பவர் யார் என்று கேட்காத அந்த வரிசை, மாநிலக் கட்சி ஒன்று உடைந்த சண்டையில் பிறந்தது.

வரிசைக்கு ஆபத்தே வரவில்லை என்று சொல்ல முடியாது. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் மெஸ் ஒன்றில், சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி வாசல், கை கழுவத் தனித் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. மாணவர்கள் கொதித்ததும் கழற்றப்பட்டது. இன்னொரு மிச்சமும் இருந்தது. பந்தி ஒன்றானாலும் அரசு விடுதிகளின் பெயர்ப்பலகைகள் பிரிந்தே நின்றன. ஆதிதிராவிடர் விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி, மிகப் பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்று, உதவி போய்ச் சேரவேண்டிய பிரிவின் பெயரையே வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். எந்த விடுதி என்று சொன்னாலே பையனின் சாதி தெரிந்துவிடும். அந்தப் பெயர்களை எடுத்துவிட்டு, அரசின் மாணவர் விடுதிகள் அனைத்தும் ‘சமூகநீதி விடுதிகள்’ என்றே அழைக்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு அறிவித்தது 2025 ஜூலையில்தான். சேரன்மாதேவிப் பஞ்சாயத்து காந்தியிடம் போய் அப்போது நூறு ஆண்டு ஆகியிருந்தது.