உதைக்கும் ஆடும் ஒளியும் பாலும்

தலையீற்று வெள்ளாட்டிடம் பால் கறக்க உட்கார்ந்தவர்களுக்கு அந்த முதல் நாள் மறக்காது. கை மடியில் பட்டதும் ஆடு துள்ளும், பின்னங்காலை உதறும், பாத்திரம் கவிழும். "நாலு போடு போட்டால் நிற்கும்" என்று அருகில் இருப்பவர் யோசனை சொல்வார். போட்டால் ஆடு நிற்கலாம். ஆனால் பால் வருமா? இந்தக் கேள்விக்கு அறிவியல் முறையில் விடை கிடைத்தது இருபதாம் நூற்றாண்டில்தான். அந்த விடையின் முதல் எழுத்தைக் கற்றுக்கொடுத்ததும் ஓர் ஆடே.

கறப்பவர்கள் பண்டைக் காலத்திலேயே ஒன்றை அறிந்திருந்தார்கள். பால் மடியில் இருப்பது வேறு. அது வெளியே வருவது வேறு. எகிப்தில் ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கவித் என்ற அரசியின் கல் சவப்பெட்டியில் ஒரு செதுக்கோவியம் உள்ளது. ஒருவன் பசுவைக் கறக்கிறான். கன்று அதன் முன்னங்காலில் கட்டப்பட்டிருக்கிறது. பசுவின் கண்ணில் ஒரு துளி நீர். கன்று கண்முன் நின்றால் பசு 'சுரப்பு விடும்' என்பதை அந்தச் சிற்பி அறிந்திருக்கிறான். நம் ஊர்களில் கன்று இறந்தால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்தியதும் இதற்காகவே.

இது மென்மையான வழி. கொடிய வழியும் இருந்தது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், சித்தியர்கள் பெண் குதிரையின் பிறப்புறுப்பில் எலும்புக் குழாயைச் செருகி ஒருவர் ஊத, மற்றவர் கறந்ததை எழுதி வைத்திருக்கிறார். இரத்த நாளங்களில் காற்று நிறைந்து மடி கீழே இறங்குகிறது என்பது அவர்கள் சொன்ன காரணமாம். காரணம் தவறு, ஆனால் பால் வந்தது. இந்தியாவில் இதே செயலுக்கு 'பூக்கா' என்று பெயர். பசுவுக்கும் எருமைக்கும் இழைக்கப்படும் இக்கொடுமையை அறிந்தே காந்தியடிகள் பால் அருந்துவதில்லை என விரதம் பூண்டார். 1918-19இல் கடும் நோயில் நலிந்திருந்தபோது, கஸ்தூரிபாய் சுட்டிக்காட்டியபடி ஆட்டுப்பாலை ஏற்றுக்கொண்டார். அவருடைய ஆட்டுப்பால் கதையின் பின்னால் இப்படி ஓர் உடலியல் செய்தி ஒளிந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இனி ஆராய்ச்சிக்கூடத்திற்குச் செல்வோம். 1910இல் அமெரிக்காவில் ஆட் என்பவரும் ஸ்காட் என்பவரும், மூளையின் அடியில் உள்ள பட்டாணி அளவான பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பகுதியிலிருந்து எடுத்த சாற்றை, பால் தரும் ஆடு ஒன்றின் இரத்தத்தில் செலுத்தினார்கள். சில நிமிடங்களுக்குள் பால் பெருகி வந்தது. புதிதாகப் பால் சுரக்கிறது என்றே அவர்கள் முடிவு கட்டினார்கள். இதைத் திருத்தியவர் கெய்ன்ஸ். அவரும் ஆடுகளைக் கொண்டே ஆராய்ந்து, பால் சுரத்தலும் பால் வெளித்தள்ளப்படுதலும் இருவேறு நிகழ்ச்சிகள் என்று 1915இல் காட்டினார். சாறு பாலை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பாலைப் பிதுக்கித் தந்தது!

பௌதிகம் கற்பிப்பவன் என்ற முறையில் இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். மடி என்பது பால் நிறைந்த ஒரு தோற்பை என்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அப்படியானால் காம்பை அழுத்தினால் போதும், பால் முழுவதும் இறங்கிவிட வேண்டும். உண்மையில் மடியின் பெரும்பகுதி, கண்ணுக்குப் புலப்படாத நுண்பைகளாலும் அவற்றை இணைக்கும் மெல்லிய குழாய்களாலும் ஆனது. நனைந்த பஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நுண்துளைகளில் நீர் தானே தங்கிநிற்கும். சொட்டுச் சொட்டாகக்கூட முழுவதும் வடியாது. பஞ்சைப் பிழிந்தாக வேண்டும். மடியைப் பிழியும் கை வெளியே இல்லை. ஒவ்வொரு நுண்பையையும் வலைபோல் சூழ்ந்துள்ள, சுருங்கும் தன்மையுடைய செல்களே அந்தக் கை. இந்த வலையை ரிச்சர்ட்சன் 1949இல் ஆட்டு மடியில் தெளிவாகக் காட்டினார்.

அந்தக் கைக்குக் கட்டளை இடுவது யார்? நரம்பா, இரத்தமா? 1941இல் ஈலி, பீட்டர்சன் என்ற இரு அமெரிக்கர்கள் பசுவைக்கொண்டு இதைத் தீர்த்தார்கள். மடியின் ஒரு பாதிக்குச் செல்லும் நரம்புகளைத் துண்டித்துவிட்டுக் கறந்தார்கள். இரு பாதிகளும் ஒன்றுபோலவே சுரப்பு விட்டன. ஆகவே கட்டளை இரத்தத்தின் வழியே வருகிறது. பிறகு அவர்கள் செய்தது வேடிக்கையாகத் தோன்றும். பசுவின் முதுகில் ஒரு பூனையை ஏற்றிவிட்டு, காகிதப் பைகளை ஊதி ஊதி வெடித்தார்கள்! பசு மிரண்டது, பால் இறங்கவில்லை. மிரட்டுவதற்குப் பதிலாக அட்ரினலின் என்ற ஹார்மோனை ஊசி மூலம் செலுத்தியபோதும் அதே விளைவு. அச்சத்தில் நம் உடலிலும் பெருகுவது இந்த அட்ரினலின்தான்.

"நாலு போடு" யோசனையின் கதி இப்போது புரிகிறதல்லவா? மிரண்ட விலங்கு பாலை வேண்டுமென்றே 'அடக்கிக்கொள்வதாக'க் கறப்பவர் நினைக்கிறார். அதற்கு அப்படி ஒரு தந்திரம் தெரியாது. 1993இல் புரூக்மையரும் துணைவர்களும், பழகாத இடத்தில் கறக்கப்பட்ட பசுக்களின் இரத்தத்தை அளந்து பார்த்தார்கள். பிட்யூட்டரியிலிருந்து வரவேண்டிய ஆக்ஸிடோஸின் என்ற ஹார்மோன் எழவே இல்லை. கட்டளை மூளையிலேயே நின்றுபோயிருந்தது.

இந்த ஆக்ஸிடோஸினை 1953இல் செயற்கையாகத் தயாரித்த டு விக்னோ, 1955இல் நோபல் பரிசு பெற்றார். மகப்பேற்று மருத்துவத்தில் அது உயிர் காக்கிறது. மாட்டுத் தொழுவத்திலோ பொறுமை இல்லாதவர்களின் குறுக்குவழியாயிற்று. பூக்காவும் இதே ஹார்மோனைத்தான் வலிந்து எழுப்பியது; பிறப்புப் பாதை விரியும்போது அது சுரக்கும். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பூக்காவையும், கறவையின் உடல்நலத்தைக் கெடுத்துப் பால் பெறச் செலுத்தும் ஊசியையும் ஒரே வரிசையில் வைத்துத் தண்டனைக்கு உரியதாக்கியிருக்கிறது. மிகப் பொருத்தமான வரிசை என்பேன்.

இவ்வளவும் கூறியபின் ஆட்டைப் பற்றி ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. பசுவின் மடியில், காம்புக்கு மேலுள்ள அறையில் தயாராக நிற்பது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குப் பால்தான். ஆட்டிலோ பாதிக்கு மேல் அந்த அறையிலேயே இருக்கும். எனவே மிரண்ட ஆடும் ஓரளவு பால் தந்துவிடும். இங்கிலாந்தின் பேப்ரஹாமில் லின்செல் ஆட்டின் மடியையே கழுத்துக்கு இடம் மாற்றிப் பொருத்தி, நரம்புத் தொடர்பு இல்லாமலே பால் கறந்து காட்டினார். 1963இல் வெளிவந்த செய்தி இது. அப்படியானால் ஆட்டைப் பழக்குவது வீண்வேலையா? இல்லை. நுண்பைகளில் தங்கிவிடும் கடைசிப் பாலில்தான் கொழுப்பு மிகுதி. தவிர, பால் தேங்கும் மடி நாளடைவில் சுரப்பதையே குறைத்துக்கொள்ளும். முட்டியில் உதைபட்டவர் சொல்லும் காரணம் தனி!

பழக்கும் வேலை, குட்டி போடுவதற்குச் சில வாரங்கள் முன்பே தொடங்க வேண்டியது. ஆட்டைக் கறக்கும் மேடையில் ஏற்றித் தீவனம் வைக்கலாம். அது தின்றுகொண்டிருக்கும்போது முதுகு, விலா, பிறகு தொடை, கடைசியில் மடி என்று கையைக் கொண்டுசெல்லலாம். துள்ளினால் கையைப் பட்டென்று எடுத்துவிடக்கூடாது. துள்ளினால் கை போய்விடும் என்ற பாடத்தை அல்லவா அது கற்றுக்கொள்ளும்? கால் ஓயும்வரை கை மடியிலேயே மெல்லப் பதிந்திருக்கட்டும், ஓய்ந்தபின் எடுக்கலாம். அதே ஆள், அதே நேரம், அதே இடம் என்றால் விரைவில் படியும். கறக்கத் தொடங்கியபின், முதலில் மடியை இளஞ்சூடான ஈரத்துணியால் ஒரு நிமிடம் துடைத்துவிடுவது நல்லது. துணியின் தொடுகை நரம்பு வழியே மூளைக்குப் போய், ஹார்மோன் இரத்தத்தில் இறங்கி மடிக்கு வந்துசேர ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும். சில நிமிடங்களில் அதன் வேகம் தணிந்துவிடும். ஆகையால் அதன்பின் பேச்சுக் கொடுத்துக்கொண்டு நிற்காமல் கறந்து முடித்துவிட வேண்டும்.