ஒரே பெயர், வேறு வோல்ட்

கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி இந்த வயதில் எழுதுவானேன் என்று நண்பர்கள் சிலர் கேட்கலாம். நான் ஒரு நாளும் விளையாடியவனல்ல. ஆனால் அந்த விளையாட்டுக்காக ஏற்காட்டில் என் தங்கை வீட்டில் போன பணமும், சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறிய அலைச்சலும் எனக்குத் தெரியும். அதன் பின்னால் இருக்கும் சரித்திரம் சுவையானது.

பொருந்தாத சாமான் எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதல்ல. வண்ணத் தொலைக்காட்சிக்கு 1967-ல் பிரான்ஸ் 'செகாம்' என்ற முறையை வைத்துக்கொண்டது. 1982-ல் வண்ணத்துக்கு வந்த இந்தியா 'பால்' என்ற முறையை எடுத்துக்கொண்டது (பசும்பால் அல்ல). பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் ஆசையாகத் தூக்கி வந்த பெட்டியில் தூர்தர்ஷன் படமும் சரியாக வராது, ஒலியும் வராது. மேலே பூச்சாடி வைக்கத்தான் உதவியது.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பெரிய பலகையை, அதாவது மதர்போர்டை, பிரெஞ்சில் 'கார்த் மேர்' என்போம், தாய் அட்டை. அதில் செருகுவது 'கார்த் ஃபீய்', மகள் அட்டை. பெயர்தான் தாயும் மகளும். நடப்பு மாமியார் மருமகள் கதை.

1981-ல் வந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டரிலேயே படம் காட்டத் தனி கார்டு உண்டு. 1987-ல் வி.ஜி.ஏ. வந்தது. பிறகு செருகும் இடமே மாறத் தொடங்கியது. ஐ.எஸ்.ஏ., வெசா, பி.சி.ஐ., 1997-ல் ஏ.ஜி.பி. என்று ஸ்லாட் மாற மாற, முந்தையதற்கு வாங்கிய கார்டு பரணுக்குப் போனது.

1996-ல் 3டிஎஃப்எக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 'வூடூ' என்றொரு கார்டு கொண்டுவந்தது. முப்பரிமாணப் படம் மட்டுமே அதற்குத் தெரியும். சாதாரணத் திரைக்கு இன்னொரு கார்டு வேண்டும். இரண்டையும் பின்பக்கம் ஒரு கேபிளால் இணைக்க வேண்டும். அதற்கு 'கிளைட்' என்று சொந்த பாஷை வேறு. அந்த பாஷைக்கென்றே எழுதிய விளையாட்டுகள் மற்றவர் கார்டில் ஓடா. 2000 டிசம்பரில் அந்தக் கம்பெனி தன் சொத்தைப் போட்டியாளரான என்விடியாவுக்கு விற்க ஒப்புக்கொண்டது. மறு வருஷம் விண்டோஸ் எக்ஸ்.பி. வந்தபோது வூடூ வைத்திருந்தவர்களுக்கு டிரைவர் எழுதித்தர ஆளில்லை. ஆர்வலர்கள் தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

இதெல்லாம் பரவாயில்லை. ஸ்லாட் வேறு என்றால் கார்டு நுழையாது, அவ்வளவுதான். நுழைந்துவிட்டால்தான் ஆபத்து. ஏ.ஜி.பி. முதலில் 3.3 வோல்ட்டில் வந்தது. 1998-ல் அடுத்த பதிப்பு 1.5 வோல்ட்டுக்கு இறங்கியது. பெயர் மாறவில்லை. எங்கள் ஆபீசில் படிவத்தின் எண் அப்படியே இருக்கும், உள்ளே கட்டம் மட்டும் மாறியிருக்கும். பழையதை நிரப்பி அனுப்பினால் கருவூலம் திருப்பி அனுப்பும். இங்கே திருப்பி அனுப்பாது, எரித்துவிடும். மாறிப் போகாதிருக்க கார்டின் விளிம்பில் வெவ்வேறு இடத்தில் பள்ளம் வெட்டினார்கள். ஆனால் சில தயாரிப்பாளர்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும் கார்டிலும் இரண்டு பள்ளத்தையும் வெட்டி விற்றார்கள். பென்டியம் 4-க்கு 2001-ல் வந்த இன்டெல் 845 சிப்செட் போன்றவை 1.5 வோல்ட் கார்டை மட்டுமே ஏற்கும். பழைய கார்டைச் செருகினால் போர்டே போகக்கூடும்.

என் தங்கை மகனுக்கு அதுதான் நடந்தது. 2002-ல் கல்லூரி விடுமுறை முழுக்க ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதிச் சேர்த்த பணம். மதர்போர்டு புதிது. கார்டு மட்டும் பழையது, 1,800 ரூபாய். சேலத்தில் விற்ற கடைக்காரர், "ஏ.ஜி.பி.தானே தம்பி, தாராளமா சேரும்" என்றார். இவனும் இரண்டு பள்ளத்தையும் பார்த்துத்தான் வாங்கினான். வீட்டில் செருகி ஸ்விட்ச் போட்டதும் ஒரு வாடை வந்தது, அவ்வளவுதான். மறுநாள் கடையில், "மலை மேல கரண்ட் சரியில்ல, இடியில போயிருக்கும்" என்றார்கள். அன்று ஏற்காட்டில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் கூடப் போய், ரசீதைக் காட்டி வாதாடியும் ஒரு ரூபாய் பெயரவில்லை. "விடுங்க மாமா, பஸ்ஸு போயிடும்" என்று அவன்தான் என்னை இழுத்து வந்தான். வளைவுகளில் வண்டி ஏறும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு சென்னை ரிச்சி தெருவில் வேறு போர்டு வாங்கினோம். அங்கே ஒரு பையன், பெயரைக் கேட்காமல், சிப் மேலிருந்த எண்ணைப் படித்துவிட்டுத்தான் கார்டு கொடுத்தான். தொழில் தெரிந்தவன்.

2004-ல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வந்து ஏ.ஜி.பி.யையும் ஓரங்கட்டியது. இதில் மட்டும் நியாயமாக நடந்துகொண்டார்கள்: ஸ்லாட் இன்றுவரை அதேதான், பழைய கார்டு புதிய போர்டிலும் பெரும்பாலும் ஓடும். உடனே தகராறு சாஃப்ட்வேருக்குக் குடிபோனது. 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விஸ்டாவோடுதான் டைரக்ட்எக்ஸ் 10 வந்தது, எக்ஸ்.பி.க்குக் கிடையாது. அதே வருஷம் 'ஹேலோ 2' விளையாட்டை விஸ்டாவுக்கு மட்டும் என்று விற்றார்கள். அதற்கு டைரக்ட்எக்ஸ் 10 தேவையே இல்லை! பையன்கள் பூட்டை உடைத்து எக்ஸ்.பி.யிலேயே ஓட்டிக் காட்டினார்கள்.

தங்கை மகனுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. சிறுவயதில் ஆசைப்பட்டு வாங்க முடியாத அந்த வூடூ கார்டைத் தேடிக்கொண்டிருக்கிறான். அதை ஓட்ட விண்டோஸ் 98 போட்ட கம்ப்யூட்டர் ஒன்றும் வேண்டுமாம்.