கல்யாணபுரத்து வாயிற்காவலர்

1951-ல் தொடங்கிய நம் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் திருவெண்காட்டு ரிஷபவாகனரைத் தேடித்தான் வருகிறார்கள். வரட்டும். 1011-ஆம் ஆண்டின் அந்த வெண்கலத்தில், பாம்பு முடித்துத் தலைப்பாகைபோல் சுற்றிய சடையை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். ஆனால் கற்சிற்பங்களுக்கிடையே கதாயுதத்தைப் பிடித்தபடி ஒரு துவாரபாலகர் நிற்கிறார். அவர் முன்னால் கால் நிற்பது அரிது. இந்த மலரில் அவரைப் பற்றி எழுதுகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முகத்தைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும், இவர் நம் ஊர்க்காரர் இல்லை. நகைகளை இழைத்த விதமும் உடம்பின் நெளிவும் சோழத் தச்சரின் கைவேலை அல்ல, சாளுக்கியக் கை. குனிந்து பீடத்தைப் பார்த்தால் அங்கே தமிழ்! உடையார் ஸ்ரீ விஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரத்தை அழித்துக் கொண்டுவந்த துவாரபாலகர் இவர் என்று ஒற்றை வாக்கியம். 'கொண்டுவந்த' என்பதைக் கல்தச்சர் 'கொடுவந்த' என்று வெட்டியிருக்கிறார். ஒரு நாட்டின் சிலை, இன்னொரு நாட்டின் எழுத்து. வென்ற கதையை வென்றவர் இத்தனை சுருக்கமாக எழுதியதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

விஜயராஜேந்திரர் என்பது சோழ மன்னன் முதலாம் இராசாதிராசன் சாளுக்கியத் தலைநகரான கல்யாணபுரத்தில் வீராபிஷேகம் செய்துகொண்டு சூடிய பெயர். தந்தை இராசேந்திரனோடு 1018 முதல் கூட்டரசனாக இருந்து, 1044-ல் தனியாட்சிக்கு வந்தவன். தாத்தாவுக்குத் தஞ்சைப் பெரிய கோயில் உண்டு, அப்பாவுக்குக் கங்கைகொண்ட சோழபுரம் உண்டு. இவனுக்கு அப்படிச் சுட்டிக்காட்ட ஒரு விமானம் இல்லை. வாழ்நாளில் பெரும்பகுதி குதிரைமேலும் யானைமேலும் கழிந்தது: பாண்டிநாடு, ஈழம், பிறகு திரும்பத் திரும்பச் சாளுக்கியம். கல்வியையும் மறந்தவனல்லன், இவன் காலத்தில் புதுச்சேரியை ஒட்டிய திருபுவனையில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரிக்கு நிலம் ஒதுக்கியதைக் கல்வெட்டு சொல்கிறது.

ஆனால் அவன் போர் கொடிய போர். அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. சாளுக்கியத் தூதர் ஒருவருக்கு ஐங்குடுமி வைத்து, மற்றவருக்குப் பெண்ணுடை உடுத்தி அனுப்பியதை அவன் மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. பெள்வொல நாட்டில் சமணப் பள்ளிகளை எரித்த பாவிச் சோழன் கடைசியில் சாளுக்கிய அரசன் சோமேசுவரனிடம் தலையைக் கொடுத்தான் என்று 1071-ஐ ஒட்டிய கன்னடக் கல்வெட்டு பொருமுகிறது. எரிந்த வீட்டுக்காரர் குரல் அது. அதையும் கேட்கத்தான் வேண்டும்.

1054. பேராற்றங்கரைக் கொப்பம். அந்த ஊர் துங்கபத்திரைப் பக்கத்துக் கொப்பளா, கிருஷ்ணைக் கரைக் கித்ராபூரா என்று ஆய்வாளர் இன்றும் இரண்டுபட்டிருக்கிறார்கள். சாளுக்கிய ஆகவமல்ல சோமேசுவரனின் படை ஒரே குறியாக அரசனின் யானையை நோக்கி அம்பு தொடுத்தது. இராசாதிராசன் யானைமேலேயே மாண்டான். சோழப்படை கலைந்து ஓடத் தொடங்கிற்று. பின்னால் நின்ற தம்பி இரண்டாம் இராசேந்திரன் யானையை முன்னே செலுத்தினான். அவன் யானையின் நெற்றியிலும் அவன் தொடையிலும் அம்புகள் தைத்தன. ஓடியவர்கள் திரும்பினார்கள். ஆகவமல்லனின் தம்பி ஜயசிங்கன் வீழ்ந்தான், ஆகவமல்லன் களத்தை விட்டு ஓடினான். ஆறாத புண்ணோடு தம்பி அந்தக் களத்திலேயே முடி சூடிக்கொண்டான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ரோமப் பேரரசர் ஜூலியன் நினைவு வரும். கிறித்தவத்தை விட்டுப் பழைய தெய்வங்களிடம் திரும்பி, மூடிக்கிடந்த கோயில்களைத் திறந்தவர், நூல்கள் எழுதியவர். ஆண்டது இரண்டு வருடம்கூட இல்லை. 363-ல் பாரசீகத்தின் மேல் படையெடுத்து டெசிபோன் நகர வாசல்வரை போனார். நகரைப் பிடிக்க வழியில்லை. தம் கப்பல்களை எரித்துவிட்டுத் தரைவழி திரும்பும்போது, ஜூன் 26 அன்று, கவசம் அணியாமல் சண்டைக்குள் பாய்ந்தவர்மேல் ஈட்டி இறங்கியது. அவருக்குப் பிள்ளையும் இல்லை, பெயர் குறித்த வாரிசும் இல்லை. பாளையத்தில் ஜோவியன் என்பவரைப் பிடித்து அரசராக்கினார்கள். அவர் நிசிபிஸ் நகரைப் பாரசீகத்துக்குக் கொடுத்துவிட்டு உயிரோடு வீடு திரும்பினார்.  

கொப்பத்தில் சோழநாடு பிழைத்ததற்கு, உயிரோடிருக்கும்போதே இளவரசுப் பட்டம் கட்டிவைக்கும் வழக்கம் பெரிய காரணம். தன் பிள்ளைகளை விட்டுத் தம்பிக்கு அதைக் கட்டியவன் இராசாதிராசன். என் கணக்கில் அவன் செய்த அரசியலில் மிகத் தெளிவான காரியம் அதுதான்.

பின்னாளில் கல்வெட்டுகள் அவனை 'யானைமேல் துஞ்சிய' தேவர் என்றே குறிக்கின்றன. துஞ்சுதல் என்றால் உறங்குதல். அம்பும் இரத்தமும் இல்லாத சொல். கொப்பத்துக்கு 105 வருடம் முன்னால் தக்கோலத்தில் இராட்டிரகூடரோடு பொருது விழுந்த சோழ இளவரசன் இராசாதித்தனுக்கும் இதே அடைமொழிதான்.

தஞ்சையும் இராசாதிராசன் பெயரை விட்டுவிடவில்லை. இளவரசுப் பட்டம் கட்டியதிலிருந்து எண்ணிய தம்பியின் ஆறாம் ஆட்சியாண்டில், பெரிய கோயில் வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் நடத்த ஒரு சாந்திக்கூத்தருக்கு நாளொன்றுக்குத் தூணி நெல் வீதம், ஆடவல்லான் மரக்காலால் ஆண்டுக்கு 120 கலம் அளக்க உத்தரவானது. கூத்தரின் பட்டப்பெயர் விஜயராஜேந்திர ஆசார்யன். அண்ணன் போய் மூன்று வருடம். ஆற்றுப் பாசன நெல்லை அளந்து வாங்கியவர் அவன் பெயரில் மேடையேறியிருக்கிறார்.

நம் துவாரபாலகரோ நெடுங்காலம் தாராசுரத்தில் இருந்தார். அந்தக் கோயிலை எடுத்த இரண்டாம் இராசராசன் கொப்பத்துக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்தவன். அங்கிருந்து கலைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தவர் இப்போது எந்த வாசலையும் காக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளோடு வரும்போது நான் அவர்களைப் பீடத்தருகே உட்காரவைப்பேன். முதலில் ஒருவரும் படிக்க முடியாது என்பார்கள். பிறகு ஒரு பிள்ளை 'க' என்று விரல் நீட்டும், இன்னொன்று 'ர'வைக் கண்டுபிடிக்கும். 'கல்யாண' வரை வந்ததும், "சார், யார் கல்யாணம்?" என்று கேட்பார்கள். அங்கிருந்துதான் நான் கொப்பத்துக் கதையைத் தொடங்குவது.