கடை நடக்கும்போதே எழுதிய புத்தகம்

சென்னை மணப்பாக்கத்தில் பெரிய வளாகம் வைத்திருக்கும் எல் அண்ட் டி, 2019-ல் மைண்ட்ட்ரீயைக் கைப்பற்றியது. அதற்கு ஒரு முன்கதை உண்டு.

1999-ல் பத்துப் பேர் சேர்ந்து பெங்களூரில் ஆரம்பித்த கம்பெனி அது. அதில் ஒருவரான சுப்ரதோ பாக்சி, தொழில் தொடங்குவது பற்றி 'தி ஹை பெர்ஃபார்மன்ஸ் ஆன்ட்ரப்ரனர்' என்ற புத்தகத்தை 2006-லேயே எழுதி வெளியிட்டுவிட்டார். கம்பெனிக்கு அப்போது ஏழு வயது. ஐபிஓ கூட 2007-ல்தான் வந்தது! (அவசரம்தான். ஆனால் ரிடையர் ஆன பிறகு எழுதினால் பயந்த நாட்களெல்லாம் மறந்துபோகும்.)

புத்தகத்துக்குப் பிறகுதான் பெரிய கதையே. ஆரம்பத்திலேயே பணம் போட்ட காபி டே சித்தார்த்தா, கடனை அடைக்க, தன்னிடமிருந்த சுமார் 20 சதவீதப் பங்குகளை எல் அண்ட் டி-க்கு விற்றார். பாக்சி ஒடிசா அரசில் வகித்த பொறுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். தடுக்க முடியவில்லை. 2022-ல் அது எல்டிஐமைண்ட்ட்ரீ ஆகிவிட்டது.