சட்டம் செதுக்கிய மரக்கட்டை

1959-ஆம் ஆண்டில் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரண்டு நிகழ்வுகள் நேர்ந்தன. அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனம், மரத்துக்குப் பதிலாக நைலானில் வார்த்த கட்டை பொருத்திய 'நைலான் 66' என்னும் சிறு ரைஃபிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் காலனியச் சட்டத்தை நீக்கிவிட்டு நாடாளுமன்றம் புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றியது. மரக்கட்டை கொண்ட வேட்டை ரைஃபிளின் வீழ்ச்சியைப் பேசும் எழுத்துகள் பெரும்பாலும் முதல் நிகழ்வின் வழியிலேயே செல்கின்றன: செயற்கைப் பொருள் மலிவானது, மழையில் ஊறாதது, ஆகவே மரம் தோற்றது. மேற்கு நாடுகளுக்கு இவ்விளக்கம் ஓரளவு பொருந்தும்; இந்தியாவுக்குப் பொருந்தாது. இங்கே அந்த ரைஃபிளுக்கு உருக்கொடுத்ததும் சட்டம், அதை ஓய்வுக்கு அனுப்பியதும் சட்டம். பிளாஸ்டிக்குடன் போட்டியிடும் வாய்ப்பே மரத்துக்குக் கிட்டவில்லை.

உருக்கொடுத்தது என்பது மிகைக்கூற்று அன்று. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பிரித்தானிய இந்திய அரசு .450 குழல் அளவுள்ள ரைஃபிள்களின் இறக்குமதியைத் தடைசெய்தது. படையில் முன்பு புழங்கிய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளின் அளவும் அதுவே. வேட்டைக்காரருக்கு விற்கும் குண்டு கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்பதே அரசின் அச்சம். இத்தடையின் விளைவு லண்டன் பட்டறைகளில் தெரிந்தது. இந்தியச் சந்தையை இழக்க மனமில்லாத துப்பாக்கிக் கம்மியர்கள் .465, .470, .475, .476 எனச் சற்றே விலகிய அளவுகளில் புதிய இரட்டைக்குழல் ரைஃபிள்களை வடிவமைத்தனர். ஆப்பிரிக்க யானை வேட்டையின் சின்னமாகப் பின்னர் புகழ்பெற்ற .470-க்குப் பின்னால் இருப்பது, இந்தியாவில் பிறப்பிக்கப்பட்ட ஒரு தடையாணை.

வசதி குறைந்தோரின் ரைஃபிளுக்கும் இதே கதைதான். படையின் .303 தோட்டா குடிமக்களுக்கு விலக்கப்பட்டிருந்ததால், படை பயன்படுத்தாத .315 அளவு இந்தியாவில் நிலைபெற்றது. ஹூக்ளிக் கரையிலுள்ள இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை, படைக்குச் செய்துவந்த லீ-என்ஃபீல்டின் இயங்கு பாகங்களையே கொண்டு .315 வேட்டை ரைஃபிளைச் செய்தது. இந்தியாவின் 'மரபான' வேட்டை ரைஃபிள் என ஒன்றைச் சுட்டவேண்டுமானால், ராஜாக்களின் லண்டன் ரைஃபிளைவிட இந்த அலங்காரமற்ற இச்சாப்பூர் ரைஃபிளுக்கே அத்தகுதி அதிகம்.

மரத்தின் இடம் இவ்விரண்டிலும் ஒன்றன்று. லண்டனின் உயர்ந்த பட்டறைகளில் வாங்குபவரின் கை நீளம், தோள் அகலம், கழுத்தின் அமைப்பு ஆகியவற்றை அளந்து அக்ரூட் மரத்தைச் செதுக்குவர். பின்னர் ஆளிவிதை எண்ணெயைப் பல முறை கையால் தேய்த்து ஏற்றுவர். ஒருவருக்கெனச் செய்த கட்டை மற்றவர் தோளில் சரியாக அமராது. ஆனால் பருவமழையில் மரம் ஈரத்தை வாங்கி உப்பும், குழலை நெருக்கும், குறி நகரும். இந்திய வெப்பமோ தோட்டாவில் உள்ள கார்டைட்டின் அழுத்தத்தை ஏற்றியது. அதற்காகவே மருந்து குறைத்த தோட்டாக்களை வெப்பநாடுகளுக்கெனத் தனியாகச் செய்தனர்.

மரக்கட்டை ஆவணமாகவும் இருந்தது. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907-இல் ஜிம் கார்பெட் சுட்டுக்கொன்றார். அதற்காக ஐக்கிய மாகாணங்களின் துணைநிலை ஆளுநர் ஜான் ஹியூவெட் அவருக்கு ரிக்பி நிறுவனத்தின் .275 ரைஃபிள் ஒன்றைப் பரிசளித்தார். அச்செய்தி பொறித்த வெள்ளித் தகடு பதிக்கப்பட்டிருப்பது அதன் மரக்கட்டையில்தான். எஃகுக் குழல் செய்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லும். வைத்திருந்தவரின் வரலாறு மரத்தில் இருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இரங்கற்பாவாக இதை எழுதுவது நேர்மையாகாது. சர்குஜா அரசர் ராமானுஜ் சரண் சிங் தேவ் ஒருவர் மட்டுமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட புலிகளைச் சுட்டவர். 1972-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதற்கும் எஞ்சியிருந்தவை 1,827. அவ்வாண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 1991-ஆம் ஆண்டின் திருத்தம் வேட்டைக்கு எஞ்சியிருந்த வாயில்களையும் ஏறக்குறைய அடைத்தது. வேட்டை ரைஃபிள் தன் வேலையை இழந்தது. இழக்கத்தான் வேண்டியிருந்தது.

ஆனால் வேலை போனதும் பொருள் மறைந்துவிடுவதில்லை. வீட்டுப் பெட்டகங்களில் தங்கியது. பெருங்குழல் ரைஃபிள்களுக்குத் தோட்டா செய்துவந்த கைநாக் 1960-களிலேயே அவற்றைக் கைவிட்டிருந்தது. 1980-களில் தனியார் இறக்குமதியும் பெரும்பாலும் நின்றது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 1983-இல் மூன்றாகவும், 2019-இல் இரண்டாகவும் குறைக்கப்பட்டது. வழிவழியாக வந்தவற்றுக்கும் அதே வரம்புதான். தாத்தாவின் ரைஃபிளா, தற்காப்புக்குரிய ரிவால்வரா என்று தேர்ந்துகொள்ள வேண்டிய குடும்பத்தில் எது வெளியேறும் என்பதை ஊகிப்பது கடினமன்று. குடகர்களுக்கு 1861 முதல் தொடரும் உரிம விலக்கும், கைல்போத் திருவிழாவில் துப்பாக்கியை வைத்து வழிபடும் வழக்கமும் தனிக்கதை.

இழப்பின் மற்றொரு முனை ஸ்ரீநகரின் ரைனாவாரி. அங்கே துப்பாக்கி செய்வோர் வாழும் பகுதிக்கே 'பந்தூக் கர் மொஹல்லா' என்று பெயர். காஷ்மீரியில் 'கர்' என்றால் கொல்லர். உள்ளூர் அக்ரூட் மரத்தில் கட்டை செதுக்கி அவர்கள் செய்தவை ரைஃபிள்கள் அல்ல, திருகுவரி இல்லாத 12 போர் வேட்டைத் துப்பாக்கிகள். ரைஃபிள் தயாரிப்பை அரசு நெடுங்காலம் தன்னிடமே வைத்திருந்தது. ஆயினும் கட்டையைத் தோளுக்கேற்பச் செதுக்கும் திறன் இரண்டுக்கும் பொதுவானது. அப்பட்டறைகளில் இன்று எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

பட்டறையோடு அதன் சொற்களும் போகின்றன. இந்துஸ்தானியில் மரக்கட்டை 'குந்தா', குழல் 'நாலி', விசை 'லப்லபி', சுத்தி 'கோடா', அதாவது குதிரை. தமிழ்ப் பேரகராதியும் துப்பாக்கியின் அவ்வுறுப்புக்குக் 'குதிரை' என்ற பொருளைப் பதிந்துள்ளது. உரிமப் புத்தகங்கள் வகை, எண், குழல் அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டனவே தவிர, குந்தாவைச் செதுக்கியவரைக் குறித்ததில்லை. துருக்கிய 'துஃபெக்' நம்மிடம் 'துப்பாக்கி' ஆயிற்று. அம்மொழியின் 'தபான்ஜா' இந்தியில் 'தமஞ்சா' ஆயிற்று. இச்சாப்பூர் வேட்டை ரைஃபிளால் நிலைபெற்ற '315 போர்' என்ற தொடர், இன்று உத்தரப் பிரதேசத்தின் இந்தி நாளிதழ்களில் பெரும்பாலும் அந்தத் தமஞ்சாவுடன்தான் சேர்ந்து வருகிறது. காவல்துறை அன்றாடம் கைப்பற்றும் கள்ளக் கைத்துப்பாக்கி அது. தோளில் பொருத்த அதற்குக் கட்டை கிடையாது.