நெடுவரிசைப் பெயர்மாற்றம்

நெடுவரிசைப் பெயர்மாற்றம் என்பது, தொடர்புசார் தரவுத்தளத்தில் உள்ள ஓர் அட்டவணையின் நெடுவரிசைக்கு, அதன் தரவைத் தொடாமல் வேறு பெயர் சூட்டும் செயல். எஸ்கியூஎல் மொழியின் ஆல்டர் டேபிள் கட்டளை இதற்குப் பயன்படுகிறது. தரவுத்தளத்தின் மற்ற உறுப்புகள் அந்த நெடுவரிசையை எண்ணால் அறிந்திருக்கின்றனவா, பெயரால் அறிந்திருக்கின்றனவா என்பதைப் பொறுத்து விளைவு மாறும். போஸ்ட்கிரெஸ் மென்பொருளில் இரண்டு வகையையும் காணலாம்.

உள்ளமைப்பு

போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பிஜி_அட்ரிபியூட் என்னும் அமைப்பு அட்டவணையில் ஒரு பதிவு உண்டு. அதில் பெயருடன் வரிசை எண்ணும் இருக்கும். பெயர் மாறும்போது எண் மாறுவதில்லை. நெடுவரிசையை நீக்கினாலும் அதன் எண் வேறொன்றுக்குத் தரப்படுவதில்லை. அட்டவணையின் வரிசைகள் எதுவும் திரும்ப எழுதப்படாததால், கோடிக்கணக்கான வரிசைகள் இருந்தாலும் வேலை நொடியில் முடியும்.

இன்டெக்ஸ்

பிஜி_இன்டெக்ஸ் அட்டவணை, இன்டெக்ஸுக்குரிய நெடுவரிசைகளை எண்களாகவே வைத்திருக்கிறது. ஆகவே பெயர்மாற்றத்துக்குப் பின் இன்டெக்ஸை மீண்டும் கட்ட வேண்டியதில்லை. வினவல் திட்டமிடுவதற்கான புள்ளிவிவரங்களும் எண்ணால் சேமிக்கப்படுவதால் அவையும் நிலைக்கும்.

பழைய பெயரின் தடயங்கள் மட்டும் எஞ்சும். இன்டெக்ஸ் உருவானபோது தானாக அமைந்த பெயரில் அட்டவணையின் பெயரும் நெடுவரிசையின் பெயரும் சேர்ந்திருக்கும். அது தானாக மாறாது. இன்டெக்ஸின் சொந்த நெடுவரிசைப் பதிவிலும் பழைய பெயரே நிற்கும். கட்டுப்பாடுகளின் பெயர்களும், சீரியல் வகை உருவாக்கிய சீக்வென்ஸின் பெயரும் அவ்வாறே. இவை செயல்பாட்டைக் கெடுப்பதில்லை, பராமரிப்பவரைத்தான் குழப்பும். வேண்டுமானால் இவற்றைத் தனித்தனிக் கட்டளைகளால் மாற்றலாம்.

வியூ, ஃபங்ஷன்

வியூவின் வரையறை, பகுத்தாய்ந்த வடிவில் எண்களுடன் சேமிக்கப்படுவதால் தொடர்ந்து இயங்கும். ஆனால் அது வெளியே காட்டும் நெடுவரிசைக்குப் பழைய பெயரே இருக்கும். பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களின் நிலை வேறு. அவற்றின் உடல் வெறும் உரையாகச் சேமிக்கப்படுகிறது. பெயர்மாற்றத்தின்போது எந்த எச்சரிக்கையும் வராது. ஃபங்ஷன் அடுத்த முறை இயங்கும்போதுதான் பிழை வெளிப்படும். செயலிகளில் எழுதப்பட்ட வினவல்களுக்கும் இதே கதிதான். லாஜிக்கல் ரெப்ளிகேஷன் நெடுவரிசைகளைப் பெயரால் பொருத்துகிறது. அட்டவணை அமைப்பின் மாற்றங்களை அது அனுப்புவதில்லை. எனவே ஒரு பக்கம் மட்டும் பெயரை மாற்றினால் நகலெடுப்பு தடைப்படும்.

பிற மென்பொருள்கள்

ஆரக்கிளில் பெயர் மாறிய நெடுவரிசையைச் சார்ந்த ஃபங்ஷன் அடிப்படையிலான இன்டெக்ஸ்களும் செக் கட்டுப்பாடுகளும் செல்லுபடியாகவே இருக்கும். வியூ, டிரிகர், புரொசீஜர் ஆகியவை செல்லாதவையாகக் குறிக்கப்படும். எஸ்கியூஎல் சர்வரில் எஸ்பி_ரீநேம் இப்பணியைச் செய்கிறது. அது புரொசீஜர்களின் உரையைத் திருத்தாது. மைஎஸ்கியூஎல் 8.0க்கு முன்பு, நெடுவரிசையின் முழு வரையறையையும் திரும்ப எழுதித்தான் பெயரை மாற்ற முடிந்தது. எஸ்கியூலைட் அட்டவணை அமைப்பை உரையாகவே சேமிக்கிறது. 2018இல் வெளிவந்த 3.25.0 பதிப்பு முதல், இன்டெக்ஸ், டிரிகர், வியூ ஆகியவற்றின் உரையையும் அதுவே திருத்திக்கொள்கிறது.

நடைமுறை

போஸ்ட்கிரெஸில் பெயர்மாற்றம் அட்டவணையின் மீது முழுப் பூட்டைக் கோரும். பூட்டு நீடிக்கும் நேரம் குறைவு என்றாலும், நீண்ட டிரான்சாக்ஷன் ஒன்று முன்னே ஓடிக்கொண்டிருந்தால் பெயர்மாற்றம் அதற்காகக் காத்திருக்கும். பின்னால் வரும் வாசிப்பு வினவல்களும் வரிசையில் நிற்கும். அதனால் பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு வைப்பது வழக்கம். கட்டளையை டிரான்சாக்ஷனுக்குள் இயக்கிப் பார்த்து, தேவைப்பட்டால் திரும்பப் பெறவும் முடியும். பெயரை மாற்றுவதற்கு முன் ஃபங்ஷன்களின் உரையிலும் செயலியின் நிரலிலும் பழைய பெயரைத் தேடிப் பார்ப்பது இன்றியமையாதது. அந்தத் தேடலைத் தரவுத்தளம் தானாகச் செய்து தருவதில்லை.